வண்டிக் கொட்டகைக்கு அப்பால் ஒரு டெலிபோன்

புதுக்கோட்டை
12-2-1961

அன்புள்ள அக்காவுக்கு,

சேவுகன் எழுதுவது. கால் புண் ஆறிவிட்டது. மெஸ் சோறுதான் ஆறாத புண்ணாக இருக்கிறது. அதை விடு. இந்த முறை எழுத ஒரு நல்ல சேதி இருக்கிறது.

தீயணைப்பு நிலையத்தில் எனக்கு டெலிபோன் அறையில் வேலை என்று சொல்லியிருந்தேன் அல்லவா. கிராமத்தில் தீப்பிடித்தால் எங்களுக்குத் தகவல் வந்து சேர்கிற கதை உனக்குத் தெரியாது. ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு வருவான். பாதி நாள் அது பூட்டிக் கிடக்கும். திறந்திருந்தால் வெளியூர் டிரங்க் காலுக்குச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். எங்களுக்குத் தகவல் கிடைத்ததும் முதல் கேள்வி, அந்த ஊர் எங்கள் எல்லையா, திருமயத்து எல்லையா? திருமயம் என்றால் அவர்களுக்கு இன்னொரு டிரங்க் கால். கடைசியில் யாரோ ஒருவர் போய்ச் சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம்.

இனி அப்படி இல்லை. புதுக்கோட்டை, திருமயம், அறந்தாங்கி மூன்று நிலையத்தையும் ஒரே கம்பியில் சேர்க்கிறார்கள். வழியில் உள்ள சில கிராமங்களிலும் அதே கம்பியில் ஒரு டெலிபோன் வைப்பார்கள். அங்கே கைப்பிடியைச் சுற்றினால் மூன்று நிலையத்திலும் மணி அடிக்கும். மூன்று பேரும் எடுத்துக் கேட்போம். எது பக்கமோ அந்த நிலையம் பேசும், அதன் வண்டி கிளம்பும். மற்ற இரண்டும் வாய் திறக்காமல் தயாராக நிற்கும். எல்லைச் சண்டையே கிடையாது.

கிராமங்களின் பெயரை வாசித்தார்கள். உன் கீழநெடுவயல் அதில் இருக்கிறது. நீ வேலை பார்க்கிற ஊர். நான் பல்லைக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது, எங்கள் நிலையத்துப் பெரியவர் "என்னடா, மாமியார் ஊரா?" என்றார். கம்பி போடுகிறவர்களோடு நானும் வருவேன்.

உன் தம்பி
சேவுகன்


கீழநெடுவயல்
அரிமளம் வழி
3-3-1961

சேவுகனுக்கு,

வந்தாய், போனாய். கம்பி என் பள்ளிக்கூடத்து வேலியை ஒட்டித்தான் போகிறது. இறங்கி "அக்கா" என்று ஒரு வார்த்தை கூப்பிட உனக்கு நேரமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உனக்கும் சேர்த்து ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்தேன். நாய்க்குப் போட்டேன்.

டெலிபோன் எங்கே வைத்தீர்கள்? பிரசிடெண்ட் ஆவுடையப்பன் வீட்டுக் கூடத்தில். நான் மனு எழுதியிருந்தேன், பள்ளிக்கூடத்தில் வையுங்கள் என்று. ஓட்டுக் கட்டடம். காலனி வாசலில் இருக்கிறது. எரிகிற கூரையெல்லாம் காலனியில்தான் இருக்கிறது. மேலத்தெருவில் முக்கால்வாசி மச்சு வீடு, காரை வீடு. கமிட்டியில் ஒருவர் கேட்டாராம், "அரிசனப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் மேலத்தெருக்காரர்கள் எப்படி வருவார்கள்?" அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பிரசிடெண்ட் வீட்டு வண்டிக் கொட்டகை தெரியும். எங்கள் ஆட்கள் அது வரைக்கும் போகலாம். அங்கே நின்று "ஐயா" என்று சத்தம் கொடுத்துவிட்டு, யாராவது வரும் வரைக்கும் நிற்கவேண்டும். இந்த ஊர் வழக்கம் அது. உன்னோடு வந்த மூன்று பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்கள். நீ காக்கிச் சட்டையும் பித்தளைப் பட்டனும் பெல்ட்டுமாக மாட்டுக்குப் பக்கத்தில் நின்றாய். டீச்சருடைய தம்பி என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யாராவது உன்னை நிற்கச் சொன்னார்களா? இல்லை, நீயாகவே நின்றாயா?

இன்னொன்று. நீங்கள் போன மறுநாள் பிரசிடெண்ட் ஆசாரியை வரச்சொல்லி டெலிபோனுக்கு ஒரு மரப்பெட்டி செய்து பூட்டுப் போட்டுவிட்டார். கண்டவனும் தொடுவானாம்.

உண்ணாமலை


புதுக்கோட்டை
10-3-1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஜீப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கொட்டகையில் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறாய். பாட்டரிப் பெட்டிகளை அங்கே இறக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

டெலிபோன் வைக்கிற இடத்துக்கு விதி இருக்கிறது அக்கா. காரைக் கட்டடமாக இருக்கவேண்டும், எந்நேரமும் ஆள் இருக்கவேண்டும், பொறுப்பான மனிதராக இருக்கவேண்டும். உன் பள்ளிக்கூடம் சாயங்காலம் பூட்டிவிடும். பிரசிடெண்ட் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எந்த நேரமானாலும் வந்து சத்தம் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெட்டி போட்டது பேரப்பிள்ளைகள் விளையாடாமல் இருக்க என்று நினைக்கிறேன்.

தினம் காலையில் அங்கிருந்து சோதனை மணி வருகிறது. மூன்று நிலையத்திலும் கணீரென்று கேட்கிறது. எத்தனையோ வருஷமாக இல்லாதது வந்திருக்கிறது. அதில் ஒரு நல்லதைக்கூட உன்னால் பார்க்க முடியவில்லையே.

சேவுகன்


கீழநெடுவயல்
9-4-1961

சேவுகனுக்கு,

வியாழக்கிழமை காலனி எரிந்தது. கருப்பன் செத்துப்போனார். கிணறு வெட்டுகிறவர். நீ போன வருஷம் வந்தபோது உனக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தாரே, அவர்தான்.

நான் அன்று அரிமளத்தில் வாத்தியார்கள் கூட்டத்தில் இருந்தேன். பஸ் திரும்பும்போதே புகை தெரிந்தது. மற்றவர்கள் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன்.

மத்தியானம். செவந்தி அடுப்பில் உலை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். பங்குனிக் காற்று. ஒரு பொறி போதும். ஆம்பிளைகள் பாதிப்பேர் ரோட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கிணற்றில் சேறுதான். கருப்பன், "ராக்காயி, நீ பிரசிடெண்ட் வீட்டுக்கு ஓடு, போன் பண்ணச் சொல்லு" என்று பெண்டாட்டியை விரட்டிவிட்டு, தீ தாவாமல் இருக்க நடுவீட்டுக் கூரையைப் பிரிக்க ஏறினார்.

ராக்காயி ஓடினாள். வண்டிக் கொட்டகை வரைக்கும் ஓடினாள். அங்கே நின்று "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. நின்றுகொண்டே கூப்பிட்டாள். பிறகு மருமகள் சொர்ணவல்லி நிலைக்கு உள்ளே நின்றபடி சொன்னாளாம், "மாமா திருமயம் கோர்ட்டுக்குப் போயிருக்காக. பெட்டிச் சாவி அவுக இடுப்புல இருக்கு. செத்த இரு, ஆளு அனுப்புறேன்." ராக்காயி இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் புகை தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் மேலத்தெருப் பையன் ஒருவன் சைக்கிளில் அரிமளம் போய்ச் சொல்லித்தான் திருமயம் வண்டி வந்தது. வந்தவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் சாம்பலைத்தான் கொடுத்தோம். விட்டம் சரிந்து கருப்பன் அடியில் கிடந்தார்.

கம்பி அறுந்துபோகவில்லை. கணீரென்று கேட்கும் என்று எழுதியிருந்தாயே, அப்படியேதான் இருக்கிறது.

உண்ணாமலை


புதுக்கோட்டை
14-4-1961

அக்கா,

அன்று மத்தியானம் டூட்டியில் இருந்தது நான்தான். டெலிபோன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றைக்குப் பொறுப்பில் இருந்த மேஸ்திரி பக்கத்தில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கீழே வண்டி தயாராக நின்றது. திருமயத்திலும் அப்படித்தான் நின்றிருக்கும். ஒரே ஒரு சுற்று. எனக்கு அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ராக்காயி ஏன் நின்றாள்? வீடு எரிகிறது, புருஷன் கூரைமேல் இருக்கிறான். உள்ளே ஓடிப்போய் அம்மிக்குழவியால் அந்தப் பெட்டியை உடைத்திருக்கலாம். வீட்டில் ஆம்பிளைகூட இல்லை. யார் அவளைத் தடுத்தது?

சேவுகன்


கீழநெடுவயல்
20-4-1961

சேவுகனுக்கு,

யாரும் தடுக்கவில்லை.

நீ கேட்டதை நானும் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. காரியம் முடிந்து ஒருவாரம்கூட ஆகவில்லை. எரிந்த இடத்தில் கொப்பரையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்கு மேல காலு போகலை டீச்சர்," என்றாள். பிறகு மறுபடியும் தேய்த்தாள்.

பிறந்ததிலிருந்து அந்தக் கொட்டகையில் நின்றிருக்கிறாள். அவள் அம்மா நின்றிருக்கிறாள். தீப்பிடித்த அன்றைக்கு மட்டும் காலுக்கு வேறு புத்தி வருமா? உனக்கு அரசாங்கம் பூட்ஸ் கொடுத்திருக்கிறது. எரிகிற வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று ஆறு மாதம் பயிற்சி கொடுத்திருக்கிறது. எரியாத ஒரு வீட்டுக்குள் உன்னால் நுழைய முடிந்ததா? பாட்டரிப் பெட்டியாம்.

நான் மட்டும் என்ன? அன்று இங்கே இருந்திருந்தால் என் கால் போயிருக்குமா என்று தினமும் யோசிக்கிறேன். தெரியவில்லை. டீச்சர் டிரெயினிங் முடித்து ஏழு வருஷமாகிறது. எனக்கே தெரியவில்லை.

மூன்று ஊரைக் கம்பியால் கட்டிவிட்டீர்கள். எங்கள் தெருவுக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவில் முந்நூறு அடிதான் இருக்கும். அதை எந்தக் கம்பியால் கட்டுவீர்கள்?

இனி எழுதாதே. உன் கடிதத்தைப் பார்த்தாலே எனக்கு அசதியாக இருக்கிறது.

உண்ணாமலை


அறந்தாங்கி
2-7-1961

அக்கா,

எழுதாதே என்றாய். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

கீழநெடுவயல் தீயைப் பற்றி விசாரணை வந்தது. என் வாக்குமூலத்தை அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். இரண்டு வரி. குறிப்பிட்ட நேரத்தில் அழைப்பு எதுவும் வரவில்லை. கருவியும் கம்பியும் நல்ல நிலையில் இருந்தன. கையெழுத்துப் போடு என்றார் விசாரிக்க வந்தவர். இரண்டு வரியும் உண்மை. பொய் என்றால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். உண்மையை வைத்தே மூடப்போகிறார்கள். ஜனங்கள் அழைக்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று முடியும் அது.

பேனாவை வாங்கிக் கீழே எழுதினேன். அழைப்பு வராததற்குக் காரணம், கருவி ஒரு வீட்டுக்குள் பூட்டியிருந்தது. அந்தத் தெரு ஜனங்கள் அந்த வீட்டுக்குள் போக முடியாது. கருவி வைத்த அன்று தீயணைப்புப் படையைச் சேர்ந்த நானே போகவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். அதன் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா, ஒனக்கு எதுக்கு இந்த ஊர்ப் பொல்லாப்பு? நல்லாத்தானே இருந்தே," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். பத்து நாளில் அறந்தாங்கிக்கு மாற்றல் வந்தது. இங்கேயும் டெலிபோன் அறைதான். அதே கம்பியின் கடைக்கோடி. உங்கள் ஊர் மணி இங்கேயும் அடிக்கும். ஆனால் பேசுவது திருமயம். நாங்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டும்.

சேவுகன்


கீழநெடுவயல்
17-9-1961

சேவுகனுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

நீ எழுதிய வரிகள் எங்கேயோ போய் யாரையோ குத்தியிருக்கின்றன. போன வாரம் ஒரு அதிகாரி வந்தார். பெட்டிப் பூட்டை எடுக்கச் சொன்னார். பூட்டு போய்விட்டது. அதோடு, அவசரத் தகவல் சொல்ல யாரும் வரலாம் என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு எழுதி மாட்ட வைத்தார். எங்கே மாட்டியிருக்கிறது தெரியுமா? கூடத்துச் சுவரில், உள்பக்கம். அதைப் படிக்கிற உரிமை பிரசிடெண்ட் வீட்டாருக்கு மட்டும் இருக்கிறது. சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு, அதையும் நம்பமுடியவில்லை.

காலனிப் பெண்களைக் கூட்டிப் பேசினேன். பூட்டு இல்லை, உத்தரவு இருக்கிறது, ஒருநாள் எல்லாரும் சேர்ந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். செவந்தி, "தொட்டா சோறு போடுமா டீச்சர்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மருதாயி மட்டும் நேராகச் சொன்னாள். அவர்கள் வயலில்தான் நடவு, அவர்கள் களத்தில்தான் கூலி. இன்றைக்குத் தொட்டுவிட்டு நாளைக்கு எங்கே போய் நிற்பது? எனக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

புதுக்கூரை எல்லாம் போட்டாகிவிட்டது. பழையபடி தென்னங்கீற்றுதான். ராக்காயி கூரை மட்டும் பாதியில் நிற்கிறது.

வாக்குமூலத்தில் எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அறந்தாங்கித் தண்ணீர் உப்பு என்பார்கள்.

உண்ணாமலை


அறந்தாங்கி
23-3-1962

அக்கா,

நேற்று உன் குரலைக் கேட்டேன்.

மணி அடித்தது. எடுத்தேன். திருமயத்துக்காரர் "பயர் ஸ்டேஷன்" என்றார். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. அவர் மறுபடி கேட்டார். "கீழநெடுவயல் காலனி, தீப்பிடிச்சிருச்சு" என்று ஒரு பெண் பேசினாள். முதலில் நீ என்று தெரியவில்லை. ஒரு வருஷமாகக் கேட்காத குரல், கம்பியில் வேறு மாதிரி இருந்தது. பெயரைக் கேட்டார். உண்ணாமலை, டீச்சர் என்றாய். அப்போதுதான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பொய்த் தகவல் வராமல் இருக்க யார் வீட்டிலிருந்து பேசுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எங்கள் வேலை. அவரும் கேட்டார். "யார் வீட்ல இருந்து பேசுறீங்க?"

நீ சொன்னாய், "டெலிபோன் இருக்கிற வீட்ல இருந்து. எரியிறது எங்க தெரு. வண்டியக் கிளப்புங்க."

அவர் வைத்துவிட்டார். புதுக்கோட்டையும் வைத்துவிட்டது. நீ மட்டும் வைக்கவில்லை. வைக்கத் தெரியவில்லையோ என்னவோ. நானும் வைக்கவில்லை. உன் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் சத்தம் போடுவது கேட்டது. வார்த்தை விளங்கவில்லை. அக்கா என்று சொல்ல வாய் வந்தது. கடைக்கோடி நிலையம் பேசக்கூடாது. பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் பக்கம் கம்பி அமைதியாகிவிட்டது.

என்ன ஆயிற்று? யாருக்கு என்ன? உடனே எழுது. தந்தி கொடுத்தாலும் சரி.

சேவுகன்


கீழநெடுவயல்
8-4-1962

அன்புள்ள சேவுகனுக்கு,

உயிர்ச் சேதம் இல்லை. நாலு வீடு போயிற்று. மற்றதெல்லாம் நிற்கிறது. ஐந்தாவது வீட்டுக் கூரையில் தீ பிடிக்கும்போது வண்டி வந்துவிட்டது. ராக்காயி வீடு தப்பியது. நீங்கள் போட்ட கம்பி வேலை செய்கிறது. இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் முதலில் எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். கத்தல் கேட்டது. கரண்டியோடு ஓடினேன். கொட்டகை வந்தது. என் கால் நின்றது, சேவுகா. வீரமாகப் போனேன் என்று நினைத்துவிடாதே. நின்றது. "ஐயா" என்று என் வாயும் கூப்பிட்டது. எனக்குப் பின்னால் ராக்காயி ஓடிவந்தாள். அவளும் வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் நின்றோம். அப்புறம் அவள் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். சின்னத் தள்ளல் இல்லை, முழுப் பலத்தோடு தள்ளினாள். நான் தடுமாறி முற்றத்தில் போய் விழுந்தேன். விழுந்த பிறகு திரும்பி வருவதற்கும் உள்ளே போவதற்கும் ஒரே தூரம்தான்.

சொர்ணவல்லி கூடத்து வாசலில் நின்றாள். என்னைத் தடுக்கவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. கதவை விட்டு விலகி நின்றாள். "நான் பாத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீக," என்றாள். அவ்வளவுதான். பிரசிடெண்ட் பின்கட்டிலிருந்து வந்தபோது நான் பேசி முடித்திருந்தேன். நீ கேட்ட சத்தம் அவருடையது. என்ன வார்த்தை என்று உனக்கு விளங்காததே நல்லது.

மறுநாள் கூடத்தைக் கழுவினார்கள். ஐயரை வரவழைத்து என்னவோ செய்தார்கள். மருதாயி வீட்டில் யாருக்கும் இந்த வாரம் கூலி இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, மணமேல்குடிப் பக்கம் ஒரு ஊர். ஜூனில் போகவேண்டும்.

டெலிபோன் இப்போது கூடத்தில் இல்லை. பிரசிடெண்ட் தன் செலவிலேயே எடுத்து வைத்துவிட்டார். காலனிப் பக்கம் உள்ள மதிலில் ஒரு ஓட்டை போட்டு, தகரக் கதவு வைத்து, அதற்குள் மாட்டியிருக்கிறது. எங்கள் ஆட்கள் தெருவில் நின்றபடியே பேசலாம். வீட்டுக்குள் வரவேண்டிய அவசியம் இல்லை. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பிரசிடெண்டின் பொதுநலத்தைப் பாராட்டி நாலு வார்த்தை பேசினார். நான் ஒரு வருஷமாக என்ன கேட்டேனோ அது கிடைத்துவிட்டது. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் மறுபடி உள்ளே வந்துவிடக்கூடாது, அதற்காக. இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்குனி இன்னும் முடியவில்லையே.

ஆனால் இதை மட்டும் கேள். தினம் காலையில் சோதனை மணி அடிக்க ஒரு ஆள் வேண்டும். மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்க பிரசிடெண்ட் வீட்டில் யாருக்கும் மனசில்லை. லைன்மேன் காலனியில் கேட்டார். நேற்று காலையில் உன் மணி கொஞ்சம் நீளமாக அடித்திருக்குமே, விடாமல்? போதும் போதும் என்று லைன்மேன் சொல்லச் சொல்லக் கைப்பிடியை விடவில்லை. சுற்றியது ராக்காயி.

உன் அக்கா
உண்ணாமலை